கறுப்புக் கயிறு கட்டிய புத்தகம்

2017 அக்டோபர் 31, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3.22 மணிக்கு, மினசோட்டா மாநிலம் ஆல்டர் க்ரோவ் ஊர்ப் பொது நூலகத்தில் இருக்கும் பழைய வங்கிப் பெட்டக அறையின் கதவு பூட்டப்பட்டது. உள்ளே ஒரு பெண்மணி இருந்தார். நூற்று அறுபத்திரண்டு புத்தகங்கள் இருந்தன.

1988 வரை அந்தக் கட்டடம் வங்கியாக இருந்தது. வங்கி நெடுஞ்சாலைப் பக்கம் இடம் மாறியபோது பெட்டகத்தைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துப் போனார்கள். கதவு மட்டுமே நான்கு டன். அதைப் பெயர்க்கும் செலவுக்குப் புதிதாகவே ஒன்று வாங்கலாம் என்று விட்டுவிட்டார்கள். எண் பூட்டின் எண்கள் வங்கி மேலாளரின் தலைக்குள் இருந்தன; அவர் 1994-இல் இறந்துபோனார். கதவைப் பூட்டும் எண்ணம் யாருக்கும் இல்லாததால் எண்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நூலகம் அந்த அறையில் மடக்கு நாற்காலிகளைப் போட்டு வைத்தது.

அறையின் சுவரில் நெஞ்சு உயரத்தில் ஓர் இரும்பு இழுப்பறை உண்டு. அந்தக் காலத்தில் உள்ளே இருக்கும் எழுத்தர் சில்லறைப் பைகளை வெளியே இருப்பவரிடம் தர வைத்த வழி அது. உள்ளிருந்து தள்ளினால் வெளியே திறக்கும், உட்பக்கம் மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து தள்ளினால் உள்ளே திறக்கும், வெளிப்பக்கம் மூடிக்கொள்ளும். சுவர் ஒன்றரை அடி கான்கிரீட். பேச்சு அதைத் தாண்டாது. இரும்பில் தட்டும் சத்தம் மட்டும் தாண்டும்.

பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்க வரும் ஹாலோவீனுக்கு, நூலகம் மிட்டாய் தருவதை நிறுத்திப் புத்தகம் தரத் தொடங்கியபோது இந்த இழுப்பறைதான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வந்தது. இது பதினோராவது ஆண்டு. ஊரார் வீடுகளில் படித்து முடித்த பேய்க்கதைப் புத்தகங்களைக் கோடை முழுவதும் சேர்த்து, பழுப்புத் தாளில் சுற்றி வைப்பார்கள். பிள்ளைகள் பெயரையும் வயதையும் ஓர் அட்டையில் எழுதி இழுப்பறையில் போட வேண்டும். உள்ளே இருக்கும் 'பெட்டகக் கைதி' அட்டையைப் பார்த்து, அந்தப் பிள்ளைக்குத் தக்க புத்தகத்தை வைத்துத் தள்ளுவார். இடையிடையே கரண்டியால் கதவைத் தட்டுவார். தாளின் மேல் கோணல் எழுத்தில் 'என்னை வெளியே விடு', 'இங்கே குளிருகிறது' என்றெல்லாம் இருக்கும். படுக்கையில் ஏறிய பிறகுதான் பிரிக்க வேண்டும் என்பது விதி.

பதினோரு ஆண்டுகளாகக் கைதி ஒருவர்தான். வெர்னா லுண்ட், அறுபத்திரண்டு வயது. பள்ளிச் சமையலறையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தப் பிள்ளை ரொட்டியின் ஓரத்தைத் தின்னும், எது தட்டுக்கு அடியில் ஒளித்து வைக்கும் என்று அறிந்தவர். அதை வைத்தே எது எவ்வளவு பயத்தைத் தாங்கும் என்றும் சொல்லிவிடுவார். செப்டம்பர் மாதம் முழுவதும் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகத்தையும் அவரே படிப்பார். பொட்டலங்களின் மேல் உள்ள ஓலங்களையும் அவரே எழுதுவார்.

ஒரே ஒரு முறை அவர் கணக்குத் தப்பியது. 2012-இல் மேசி பைஃபர் என்ற ஏழு வயதுச் சிறுமி 'பெரியவர்கள் படிப்பது வேண்டும்' என்று அட்டையில் எழுதியிருந்தாள். வெர்னா 'கிணற்றுக்குள் எண்ணுகிறவன்' என்ற கதையை அனுப்பினார். மேசி பதினேழு இரவுகள் பெற்றோரின் கட்டிலில் படுத்தாள். அவள் தாய் ரோக்ஸான் பைஃபர் நூலகக் குழுவுக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினார். மூன்று கூட்டங்கள் நடந்தன. மூன்றாவதில் கயிறு விதி வந்தது: எட்டு வயதுக்குக் கீழ் ஆரஞ்சுக் கயிறு, மேலே கறுப்புக் கயிறு. அன்றிலிருந்து இரண்டு பெண்களும் கடையில் எதிரெதிரே வந்தால் ஒருவர் அடுத்த வரிசைக்குள் திரும்பிவிடுவார். தேவாலயத்தில் தலையை மட்டும் அசைத்துக்கொள்வார்கள். ஐந்து ஆண்டுகளில் ஒரு கறுப்புக் கயிறும் சின்னப் பிள்ளை கைக்குப் போனதில்லை. ஆனாலும் பிள்ளை பொட்டலத்தோடு வந்தால் பெற்றோர் முதலில் பார்ப்பது கயிற்றைத்தான்.

மெகன் ஸ்ட்ராண்ட் ஆகஸ்டில் வந்த புது நூலகர். இருபத்தொன்பது வயது. முந்தைய நூலகர் ஓய்வு பெற்று அரிசோனாவுக்குப் போகுமுன் ஒரு தாளை விட்டுப் போயிருந்தார். 'கைதி உள்ளே போனதும் கதவைச் சாத்தவும். பிள்ளைகள் பார்க்கச் சக்கரத்தைச் சுற்றவும். எண் வட்டைச் சுழற்றவும்.' எவ்வளவு சுற்ற வேண்டும் என்று அதில் இல்லை. பாதிச் சுற்றுதான் சுற்ற வேண்டும். அதைத் தாண்டினால் தாழ்கள் சுவருக்குள் போய்விடும். அந்த அளவுக்கு அடையாளமாகச் சக்கரத்துக்குப் பின்னால், கதவில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருந்தது. துப்புரவும் பழுதுபார்ப்பும் டேரலின் வேலை. புது நூலகரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று முந்தைய வாரம் அவர் கதவை எஃகு நாரால் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார். சுற்றும் அளவை டேரல் சொல்லியிருப்பார் என்று வெர்னா நினைத்தார். வெர்னா சொல்லியிருப்பார் என்று டேரல் நினைத்தார்.

அன்று மூன்று மணி தாண்டியதும் வெர்னா கைதியின் கோடு போட்ட அங்கியை மாட்டிக்கொண்டு நூலகத்தின் சிறு சமையல் மேடைக்கு வந்தார். அங்கே சில்லி என்ற பீன்ஸ் இறைச்சிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"மெகன், சில்லி ஆச்சா இல்லையா? ஆச்சுன்னு நீ சொன்னதால ரெண்டே முக்காலுக்கே இன்சுலின் போட்டுட்டேன்."

"பீன்ஸ் இன்னும் கல்லு மாதிரி இருக்கு வெர்னா. ஒரு பத்து நிமிஷம்."

"பீன்ஸ முந்தின நாளே ஊற வைக்கணும். யாரு செஞ்சா இத?"

"நான்தான்."

"அதான் பாத்தேன்."

"இந்தப் பட்டை போட்ட இனிப்பு ரோல் ஒண்ணு சாப்பிடுங்களேன்."

"இப்ப வேணாம். கை பிசுபிசுத்து புத்தகமெல்லாம் ஒட்டும். மூணு அம்பதுக்கு நானே கதவைத் தள்ளிட்டு வருவேன். எப்பவும் அப்பத்தான் வருவேன். அதுக்குள்ள அந்த பீன்ஸ வேக வச்சு வை."

பள்ளி விட்டுப் பிள்ளைகள் அதற்குள் வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள். வெர்னாவின் மேல்கோட்டு மெகனின் நாற்காலியில் தொங்கியது. அதன் இடது பையில் கைபேசியும் வலது பையில் குளுக்கோஸ் மாத்திரைக் குப்பியும் இருந்தன. கைதியின் அங்கிக்குப் பை கிடையாது.

வெர்னா உள்ளே போனதும் மெகன் கதவைச் சாத்திவிட்டு, சிறைக்காவலர் தொப்பியும் பெரிய சாவி வளையமுமாகப் பெட்டகத்தின் முன் நின்றார். "இந்தக் கைதிக்கு இன்னிக்கும் விடுதலை கிடையாது" என்றார். பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றியது. அது நிற்கும் வரை சுற்றினார். பிறகு எண் வட்டை ஒரு சுண்டு சுண்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

உள்ளே வெர்னா ஒரு சத்தத்தைக் கேட்டார். பதினோரு ஆண்டுகளில் கேட்டிராத சத்தம். எட்டுத் தாழ்கள் ஒன்றாகப் போய்ச் சுவருக்குள் உட்கார்ந்தன. பெரிய சத்தம் இல்லை, பள்ளிச் சமையலறையில் குளிர் அறைக் கதவு சாத்துவது போலத்தான் இருந்தது என்று பிறகு சொன்னார். கதவைத் தோளால் தள்ளிப் பார்த்தார். அது சுவரோடு சுவராக நின்றது.

அறை எட்டடிக்குப் பத்தடி. ஒரு மின்கல விளக்கு, ஒரு நாற்காலி, மூன்று பக்கமும் அடுக்கிய பொட்டலங்கள். காற்று இழுப்பறை வழியாக வந்துகொண்டிருந்தது; மூச்சுக்குப் பயமில்லை. அவர் பயந்தது நேரத்துக்கு. ரெண்டே முக்காலுக்கு ஊசி. மதியம் அரை ஆப்பிள் தவிர ஒன்றுமில்லை. நான்கு மணிக்குள் ஏதாவது வயிற்றுக்குள் போக வேண்டும். நான்கரை தாண்டினால் நினைவு தப்பும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை சொந்தச் சமையலறைத் தரையில் கிடந்து, தபால்காரர் பார்த்து ஆம்புலன்ஸ் வந்தது.

கரண்டியை எடுத்துக் கதவில் ஓங்கி அடித்தார். வெளியே பிள்ளைகள் மகிழ்ச்சியில் கத்தினார்கள் என்பது பதிலுக்கு வந்த அடியிலிருந்து தெரிந்தது. பத்துப் பதினைந்து சின்னக் கைகள் இரும்பை அடித்தன. அவர் நிறுத்தினால் அவர்களும் நிறுத்தினார்கள். மறுபடி அடித்தால் மறுபடி அடித்தார்கள். வெளியே ஒலிபெருக்கியில் பேய்க்காற்றுச் சத்தமும் சங்கிலிச் சத்தமும் ஓடிக்கொண்டிருந்தன.

இழுப்பறை உள்ளே வந்தது. முதல் அட்டை. 'கானர், 11.'

வெர்னா கறுப்புக் கயிறு கட்டிய பொட்டலம் ஒன்றை எடுத்து, பென்சிலால் அதன் மேல் எழுதினார்: 'கதவு பூட்டிக்கொண்டது. மெகனிடம் சொல். வெர்னா.' தள்ளினார்.

வெளியே கானர் அதைச் சத்தமாகப் படித்தான்.

"கதவு பூட்டிக்கிச்சாம்டா."

"பூட்டுனதத்தான் நாம பாத்தோமே" என்றான் பின்னால் நின்றவன்.

"மெகன்ட்ட சொல்லணுமாம்."

சொல்லவும் செய்தான். மேசையில் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த மெகனிடம் போய், "மிஸ், கதவு பூட்டிக்கிச்சாம், உங்ககிட்டச் சொல்லச் சொல்றாங்க" என்றான்.

மெகன் சாவி வளையத்தைக் குலுக்கினார். "சாவிய நான் முழுங்கிட்டேன்னு போய்ச் சொல்லு."

கானர் அந்தப் பதிலை ஓர் அட்டையில் எழுதி இழுப்பறையில் போட்டான். வெர்னா அதை விளக்குக்குக் கீழே பிடித்துப் படித்தார்.

அடுத்த பொட்டலத்தில் 'இது விளையாட்டு இல்லை' என்று எழுதினார். அது ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்குப் போனது. அவள் அம்மா படித்துவிட்டு, "இந்த வருஷம் வெர்னா கலக்குறாங்க" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். போன ஆண்டு முப்பது பொட்டலங்களில் இதே வாக்கியத்தை வெர்னாவே எழுதியிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டும்.

அட்டைகள் வந்துகொண்டே இருந்தன. வெர்னா புத்தகங்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். இருபத்தாறு ஆண்டுகள் வரிசைக்குப் பரிமாறிய கை, வரிசை நிற்கும்வரை நிற்காது. நான்காவதோ ஐந்தாவதோ பொட்டலத்தில் தன் சர்க்கரை நோயையும் ஊசி போட்ட நேரத்தையும் எழுதினார். அதை வாங்கிய பையன் படிக்கவே இல்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மிட்டாய் வாங்கக் கடைத்தெருவுக்கு ஓடினான்.

மூன்று ஐம்பது ஆனது. மெகன் ஒருமுறை பெட்டகத்தின் பக்கம் பார்த்தார். கதவு அசையவில்லை. கைதி வேடத்தில் ஊறிப்போய்விட்டார் என்று நினைத்து, சில்லியைக் கிளறப் போனார்.

உள்ளே வெர்னாவின் கழுத்துக்குப் பின்னால் வியர்த்தது. விரல்கள் நடுங்கத் தொடங்கின. உதடு மரத்தது. அட்டைகளில் உள்ள எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. 'மிட்டாய் போடு. சர்க்கரை வேண்டும்' என்று எழுதி அனுப்பினார். எழுத்து எந்த ஆண்டையும் விட நன்றாகக் கோணியிருந்தது.

அதை வாங்கியவர்கள் இரண்டு சகோதரர்கள். பக்கத்துக் கட்டடத்துப் பல் மருத்துவரிடம் மட்டும் போய்விட்டு வந்திருந்தார்கள். அவர் எந்த ஆண்டும் மிட்டாய் தருவதில்லை.

"பேய்க்கு மிட்டாய் வேணுமாம்ல."

"நமக்கே இல்ல. பல்ல வெளக்கிட்டுத் தூங்கச் சொல்லு."

இழுப்பறை உள்ளே வந்தபோது அதில் ஒரு பச்சைப் பல் துலக்கியும் சர்க்கரை சேர்க்காத சூயிங்கமும் இருந்தன. வெர்னா சூயிங்கத்தின் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாயில் போட்டுக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு முறை எழுதப் போனபோது பென்சில் கைநழுவி நாற்காலிக்கு அடியில் உருண்டது. குனிந்தால் எழ முடியாது என்று தோன்றியது. குனியவில்லை.

அங்கே நின்றுதான் அவர் யோசித்தார். யோசனை தேங்கித் தேங்கி வந்ததாகப் பிறகு சொன்னார். தட்டினால் கைதட்டுகிறார்கள். எழுதினால் சிரிக்கிறார்கள். இந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து எது போனாலும் வேடிக்கைதான். பதினோரு ஆண்டுகளாக அப்படிப் பழக்கியவரும் அவர்தான். வேடிக்கையாகாத ஒன்றே ஒன்று அந்த அறையில் இருந்தது. அது கயிறு.

அடுத்து வந்த அட்டையில் வயது ஐந்து. வெர்னா கறுப்புக் கயிறு கட்டியதை வைத்துத் தள்ளினார்.

அந்தப் பையனின் அப்பா கைபேசியில் பேசிக்கொண்டே அவனை இழுத்துக்கொண்டு போனார். அடுத்தது ஆறு வயது. அம்மா கயிற்றைப் பார்த்தார், புருவத்தைத் தூக்கினார், "பரவால்ல" என்று சொல்லி அதை அக்காளின் பைக்குள் போட்டுவிட்டார். எங்கள் ஊரில் பரவாயில்லை என்பதுதான் முதல் பதில். பெரும்பாலும் கடைசிப் பதிலும் அதுதான். மூன்றாவது தாய் மட்டும் மெகனிடம் வந்து, தொந்தரவுக்கு இரண்டு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு, கயிறு மாறியிருப்பதாகச் சொன்னார். மெகனும் மன்னிப்புக் கேட்டு, மேசையில் இருந்த உபரியிலிருந்து ஒன்றைக் கொடுத்தார். வரிசை வாசல் வரை நின்றது.

நான்கு முப்பத்தெட்டுக்கு இழுப்பறையில் வந்த அட்டையில் பெரியவர் கையெழுத்து இருந்தது. சாய்வான, அழுத்தமான எழுத்து. மூன்று பக்கக் கடிதத்தில் வெர்னா அதைப் பலமுறை படித்திருக்கிறார். 'வெஸ்லி பைஃபர், 4.'

'கிணற்றுக்குள் எண்ணுகிறவன்' கதையின் இன்னொரு பிரதி இந்த ஆண்டு நன்கொடையில் வந்திருந்தது. அது எந்த அடுக்கில் இருக்கிறது என்று வெர்னாவுக்குத் தெரியும். அதை எடுப்பதற்கு மூன்று அடுக்குகள் சரிந்தன. அட்டைப்படம் தெரியும்படி பழுப்புத் தாளைக் கிழித்தார். கயிற்றை மட்டும் விட்டுவைத்தார். இழுப்பறையைத் தள்ள இரண்டு கையும் வேண்டியிருந்தது. பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து மெல்லத் தரையில் சரிந்து உட்கார்ந்தார்.

வெளியே ரோக்ஸான் பைஃபர் தன் மகன் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். மக்காச்சோளக் கதிர் வேடம் போட்டிருந்த வெஸ்லி, அட்டையில் இருந்த கிணற்றைக் காட்டி, "உள்ள யாரும்மா?" என்றான். ரோக்ஸான் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு மேசைக்குப் போனார்.

"மெகன், இது என்ன?"

"ஐயோ மன்னிச்சுக்கோங்க மிஸஸ் பைஃபர். இன்னிக்கு நாலஞ்சு பேருக்குக் கயிறு மாறிப் போச்சு. வேற தர்றேன்."

"மாறல. வெர்னா லுண்டுக்குக் கயிறு மாறாது. இது எனக்குன்னே வந்தது. தாளக் கூடக் கிழிச்சு அனுப்பியிருக்கா பாரு."

"அம்மா, விடும்மா" என்றாள் மேசி. பன்னிரண்டு வயது ஆகியிருந்தது அவளுக்கு. "அந்தக் கதைய நான் அப்புறம் நாலு தடவ படிச்சாச்சு."

"நீ சும்மா இரு." பிறகு திரும்பி, "நாலு தடவையா?" என்றார்.

"அஞ்சு."

ரோக்ஸான் வரிசையைத் தாண்டி இழுப்பறைக்கு முன் போய் நின்றார். புத்தகத்தை அதில் போட்டார். குனிந்து அதற்குள் பேசினார். ஊரில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை, அன்றும் உயரவில்லை.

"அஞ்சு வருஷமா மனசுல வச்சிருந்து, கடைசில நாலு வயசுப் புள்ளகிட்டயா காட்டுற? கதவத் தொறந்து வெளிய வா வெர்னா. மூஞ்சிக்கு நேரா சொல்லு."

இழுப்பறையை உள்ளே தள்ளினார். காத்திருந்தார். அது திரும்பி வரவில்லை. தட்டும் சத்தமும் இல்லை. வரிசையில் நின்ற பெற்றோர் கூரையையும் தங்கள் காலணிகளையும் பார்த்தார்கள்.

"தட்டக்கூட மாட்டாளாம். மெகன், கதவத் தொற."

"நாடகம் இன்னும் முடியல, புள்ளைங்க எல்லாம் நிக்கு..."

"நாடகம் கெடக்கட்டும்."

மெகன் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினார். அது திரும்பவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். சில்லிக் கரண்டியோடு வந்த டேரல் கதவைப் பார்த்தார்.

"எவ்வளவு சுத்துனீங்க?"

"நிக்கிற வரைக்கும்."

"கோடு வரைக்கும்தான சுத்தணும்?"

"எந்தக் கோடு?"

டேரல் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். கதவு பளபளவென்று இருந்தது. கோடு இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

மெகனின் கண் நாற்காலியில் தொங்கிய மேல்கோட்டின் மேல் போனது. "ரெண்டே முக்காலுக்கு ஊசி போட்டாங்க" என்றார். "சாப்பிடல. நான்தான் பீன்ஸ் வேகலன்னு சொன்னேன். அந்தப் பையன் வந்து சொன்னானே. கதவு பூட்டிக்கிச்சுன்னு சொன்னானே."

"அந்தச் சங்கிலிச் சத்தத்த நிறுத்துங்க" என்றார் ரோக்ஸான். "டேரல், ஆம்புலன்ஸக் கூப்பிடு."

அவரே இழுப்பறையை வெளியே இழுத்தார். புத்தகம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. மேல்கோட்டின் வலது பையிலிருந்த குப்பியைத் திறந்து மாத்திரைகளை அதில் கொட்டினார். நான்குதான் இருந்தன. வெஸ்லியின் மிட்டாய்ப் பையைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார்.

"அது என்னோடது" என்று வெஸ்லி அழுதான்.

"தெரியும்" என்றார் ரோக்ஸான். மேசி தன் பையையும் கவிழ்த்தாள்.

இழுப்பறை உள்ளே போனது. ரோக்ஸான் கார் சாவியால் இரும்பில் அடித்தார். நிறுத்தினார். அடித்தார். இந்த முறை எந்தப் பிள்ளையும் கூடச் சேர்ந்து அடிக்கவில்லை.

உள்ளே வெர்னாவுக்கு அந்தச் சத்தம் தூரத்தில் கேட்டது. வரிசையில் யாரோ தட்டை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், தான் பரிமாறாமல் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்துக் கையை உயர்த்தினார். கை இழுப்பறையின் விளிம்பில் பட்டது. அதைப் பிடித்துத் தொங்கியதில் ஒரு குவியல் அவர் மடியிலும் தரையிலும் சிதறியது. கைக்கு முதலில் அகப்பட்டது கறுப்பும் ஆரஞ்சுமாக மெழுகுத்தாள் சுற்றிய கடலை மிட்டாய். ஊரில் ஒரு பிள்ளையும் தின்னாத மிட்டாய். வெர்னா அதைத் தாளோடு மென்றார். பிறகு இன்னொன்று.

நான்கு ஐம்பத்தாறுக்குக் கதவில் உள்ளிருந்து ஒரு தட்டுக் கேட்டது. ஒன்றுதான். மெகன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆம்புலன்ஸ் ஐந்து மணி ஆறு நிமிடத்துக்கு வந்தது. பழச்சாறு, குளுக்கோஸ் களிம்பு, சர்க்கரை பார்க்கும் கருவி, ஒரு பேனா எல்லாம் இழுப்பறை வழியாகவே போயின. வெர்னா கருவி காட்டிய எண்ணை அட்டையில் எழுதி அனுப்பினார்: 58. கால் மணி நேரம் கழித்து 91. அதற்கடுத்த அட்டையில், 'பீன்ஸ் வெந்ததா?' என்று இருந்தது.

பூட்டுத் திறப்பவர் தொண்ணூறு மைல் தூரத்திலிருந்து ஏழு நாற்பதுக்கு வந்து கதவில் துளை போட்டார். எட்டு ஐம்பதுக்குத் திறந்தது. ரோக்ஸான் அதுவரை இழுப்பறைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெர்னா வெளியே வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"புள்ளைக்கு அத நீ படிச்சுக் காட்டலயே?" என்றார் வெர்னா.

"இல்ல."

"நல்லது. அது நாலு வயசுக்கு ஆகாது."

"அத நான் அஞ்சு வருஷமா சொல்றேன்" என்றார் ரோக்ஸான். தன் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அன்று வெளியே போனவை தொண்ணூற்று நான்கு பொட்டலங்கள். நான்கில் மட்டும் எழுதியிருந்தது உண்மை. நோயையும் ஊசி நேரத்தையும் எழுதிய தாளை ஒரு தாய் இரவு எட்டரைக்குப் படுக்கையில் பிள்ளைக்காகப் பிரிக்கும்போது படித்து, நூலகத்துக்குத் தொலைபேசினார்.

நவம்பர் 14 அன்று கூடிய நூலகக் குழு, நான்கு வயதுப் பிள்ளைக்குக் கறுப்புக் கயிறு கட்டிய புத்தகம் தரப்பட்டதைப் பதிவு செய்து, காரணத்தையும் எழுதி, அத்தோடு முடித்தது. பெட்டகக் கதவைக் கழற்ற ஒப்புதல் தந்தது. 2018 ஹாலோவீனில் புத்தகங்கள் முன்மேசையிலிருந்து வழங்கப்பட்டன. வெர்னா லுண்ட் வழங்கினார். வெஸ்லி பைஃபருக்கு ஆரஞ்சுக் கயிறு கட்டிய புத்தகம் ஒன்றும் ஒரு பை மிட்டாயும் 2017 நவம்பர் முதல் தேதியே வீட்டில் சேர்க்கப்பட்டிருந்தன.